உலோகவேலைக் கைக்கருவிகள்: விலையும் தரமும்

மாணவர்களே, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் பழைய சோனகத் தெரு உள்ளது. அங்குள்ள இரும்புக் கடைகளில் 300 மி.மீ. உலோகவாள் அலகு கேட்டால் பல விலைகளில் எடுத்துக் காட்டுவார்கள். நீளம் ஒன்றே. விலை ஏன் வேறுபடுகிறது?

மலிவான அலகு பெரும்பாலும் காபன் உருக்காலானது. விரைவாக அறுக்கையில் பல்முனை சூடேறும். ஏறத்தாழ 250 பாகை செல்சியசைத் தாண்டினால் வன்மை குறைந்து மழுங்கும். தங்குதன் அல்லது மொலித்தனம் கலந்த உயர்கதி உருக்கு ஏறத்தாழ 600 பாகை வரை தாங்கும். ஆனால் முழுவதும் வன்மையான அலகு சற்றுக் கோணினாலே முறிந்துவிடும். இரட்டை உலோக அலகில் பற்கள் மட்டும் உயர்கதி உருக்கு. முதுகு வளையும் உருக்கு. கூடுதல் விலை இதற்கே.

உளியில் கவனம் இன்னும் தேவை. வெட்டுமுனை வன்மையாக்கிப் பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும்; தலை மென்மையாக இருக்க வேண்டும். தலையும் வன்மையானால் சுத்தியல் அடியில் துணுக்கு சிதறிக் கண்ணில் பாயலாம். பழைய அரமொன்றால் தேய்த்துப் பாருங்கள்: தலையில் நன்கு பற்றும், முனையில் அரிதாகவே பற்றும். முனையிலும் எளிதாகப் பற்றினால் அந்த உளி எவ்விலையானாலும் வேண்டாம்.

பரீட்சையில் "மலிவானது விரைவில் பழுதாகும்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த உருக்கு, எவ்வகை வெப்பப் பரிகரிப்பு என்பதையும் குறிப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் பணம் செலவிடவும் வேண்டியதில்லை. அரம் துப்புரவாக்கும் கம்பித் தூரிகை மலிவானதே போதும்.