கிட்டார்: பாடத்தை எங்கே தொடங்குவது?

அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ ஒரு பிள்ளை கிட்டார் கேட்டு அடம்பிடித்தால் வீட்டில் முதலில் விசாரிப்பது விலையை. யாரிடம் கற்பது என்பது அப்புறம்தான். அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்; வாத்தியாருக்கு வாத்தியார் பாடம் தொடங்கும் இடம் வேறு.

பெரும்பாலும் கார்டு வழிதான். மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கவைப்பது கார்டு. ஈ மைனருக்கு இரண்டே விரல் போதும். அதோடு ஜி, சி, டி கைவந்துவிட்டால் சினிமாப் பாட்டு, ஜெபக்கூட்டப் பாட்டு என்று நிறைய வாசிக்கலாம். பாடுகிறவரின் சுருதி மேலே இருந்தால் கேப்போ கிளிப்பை மாட்டிக்கொள்ளலாம். பலன் சீக்கிரம் தெரியும், பிள்ளை ஓடிப்போகாது. ஆனால் இந்த வழியிலேயே நின்றுவிட்டவரிடம் "மெட்டை வாசி" என்றால் விழிப்பார். கூடப் பாட ஆள் இருந்தால்தான் அவருக்கு வேலை.

அடுத்தது ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதிய இசையைப் படித்து வாசிப்பது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வுகள் இனிஷியலில் தொடங்கி எட்டாம் கிரேடு வரை போகின்றன. நைலான் கம்பி என்பதால் விரலுக்கு வலி குறைவு; கை ஒழுங்கு நன்றாகப் படியும். மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் தெரிந்த பாட்டு ஒன்றும் வராததால் பாதியில் விடுகிறவர்கள் இதில்தான் அதிகம் என்பது என் எண்ணம். டேப் என்ற குறுக்குவழியும் உண்டு: ஆறு கோடு ஆறு கம்பி, அதன்மேல் எழுதிய எண், கிட்டார் கழுத்தில் விரல் அழுத்த வேண்டிய ஃப்ரெட் கட்டம். எங்கே அழுத்துவது என்று சொல்லும்; எவ்வளவு நேரம் நீட்டுவது என்று பெரும்பாலும் சொல்லாது. பாட்டு ஏற்கெனவே காதில் இருந்தால்தான் டேப் உதவும்.

நம் ஊர்களில் அதிகம் பயன்படுத்தாத வழி ஒன்று இருக்கிறது. கிட்டாரில் ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஒரு சுரஸ்தானம். ஒரு ஸ்தாயியில் 12 சுரஸ்தானங்கள். 12வது ஃப்ரெட்டில் மேல் சட்ஜம். ஏதாவது ஒரு கம்பியை எந்த ஃப்ரெட்டிலும் அழுத்தாமல் மீட்டி அதைச் ச என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 1, 4, 5, 7, 8, 11, 12 ஃப்ரெட்களை வரிசையாக அழுத்தினால் மாயாமாளவகௌளை ராகம் வந்துவிடும். பஞ்சமம் 7வதில், பெரும்பாலான கிட்டார்களில் அங்கே ஒரு புள்ளியே வைத்திருப்பார்கள். கோயில் நாதஸ்வரமும் வீட்டு ஹார்மோனியமும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்தச் சுர வரிசை அந்நியமாக இருக்காது. சுரத்தை அசைக்கும் கமகம் மட்டும் ஃப்ரெட்டில் தானாக வராது. கம்பியை இழுத்தும் விரலை வழுக்கியும் வரவழைக்க வேண்டும். அதிலே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, கிட்டாரில் முழு கர்நாடகக் கச்சேரி செய்யும் பிரசன்னா இருக்கிறார்.

இளையராஜா எந்த வழியில் போனார்? முதலில் காது. அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் மேடையில் வாசித்தார். சென்னைக்கு வந்தபிறகுதான் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய நொட்டேஷன் கற்றார். சலில் சௌத்ரியின் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தார். 1976இல் 'அன்னக்கிளி' படத்துக்கு இசையமைத்தார். எழுத்து அவருக்குத் தாமதமாக வந்தது, ஆனால் வராமல் இருக்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: கார்டில் தொடங்குங்கள், கூடவே தினம் சிறிது நேரம் ஒற்றைக் கம்பியில் சுரம் பிடியுங்கள், ஸ்டுடியோ, தேர்வு என்று ஆசை வந்தால் நொட்டேஷனுக்குப் போங்கள். விரல் நுனி முதல் சில வாரம் எரியும், பிறகு காய்த்துவிடும். தினம் இருபது நிமிடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்காரும் மூன்று மணி நேரத்தைவிட மேல்.

இந்தக் கரிசல் காட்டு வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. சித்திரையில் தகரக் கூரைக்கு அடியிலோ பூட்டிய காரிலோ கிட்டாரை வைக்காதீர்கள். பசை இளகி, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். மரம் வறண்டு சுருங்கினால் ஃப்ரெட் முனை வெளியே நீட்டிக் கையைக் கிழிக்கும். உள்ளறையில், உறைக்குள் வையுங்கள்.

வகுப்பில் சேருமுன் வாத்தியாரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மூன்று மாதத்தில் என் பிள்ளை எந்தப் பாட்டை வாசிப்பான்? ட்யூனர் இல்லாமல் காதால் சுருதி சேர்க்கச் சொல்லித்தருவீர்களா? இரண்டாவதற்கு மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.