இல்லறத்தாரும் தேகாப்பியாசமும்

கல்லூரி நாட்களில் தேகாப்பியாசத்துக்கு நேரந் தேடி நாம் அலைந்ததில்லை. கடைசி மணி அடித்ததும் மைதானம் எமக்காகக் காத்திருந்தது. பசித்து உண்டோம், உண்டது செரித்தது. இன்றோ பழைய மாணவர்களாகிய நாம் விழா மண்டபத்திற் கூடிச் சுகம் விசாரிக்குமிடத்து, பேச்சு நீரிழிவிலும் இரத்த அழுத்தத்திலும் வந்து முடிகின்றது. எம்முடன் ஒரே வாங்கில் இருந்து கற்றவர்களுட் சிலர் ஐம்பது வயதை எட்டுமுன்னரே மாரடைப்பினால் மறைந்தனர். அவர்கள் அறியாதவரல்லர், நேரம் வாய்க்கட்டும் என்று நாளைக் கடத்தியவர்கள். ஆதலின், ஓய்வில்லாத குடும்பத்தில் உணவொழுங்கும் பயிற்சியும் எங்ஙனம் இடம்பெறலாம் என்பதை ஈண்டு நோக்குவாம்.

முதலில் நேரக் கணக்கு. வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபடுதல் வேண்டும் என்றும், இரண்டு நாட்களிலேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. ஒரு வாரத்தில் 10,080 நிமிடங்கள் உள. அவற்றுள் 150 என்பது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கே. ஒரே முறையிற் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தல் வேண்டும் என்ற பழைய விதியும் அவ்வறிவுறுத்தலில் இல்லை. சிறிது சிறிதாகச் செய்வதும் கணக்கிற் சேரும்.

இதற்குச் சான்று பழையது. ஜெரி மொறிஸ் என்னும் மருத்துவ ஆய்வாளரும் அவர்தங் குழுவினரும் இலண்டன் மாநகரின் இருதட்டு பஸ் வண்டிகளிற் பணிபுரிந்தோரை ஆராய்ந்து, 1953 ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். நாள் முழுதும் இருந்து வண்டியோட்டிய சாரதிகளிலும், படியேறி இறங்கிய நடத்துநர்களிடையே இருதய நோய் குறைந்து காணப்பட்டது. அவர்களுக்குத் தொழிலே பயிற்சியாயிற்று.

எமக்கும் அவ்வழி உண்டு. பிள்ளையை ரியூசனுக்கு விட்டபின், மோட்டார் சைக்கிளிற் சாய்ந்து நின்று கழிக்கும் ஒரு மணி நேரத்தில் அரை மணி நேரம் விரைந்து நடக்கலாம். வாரத்தில் ஐந்து நாட்கள் இவ்வாறு நடப்பின் 150 நிமிடமாகும். ஐந்து முதல் பதினேழு வயதுக்குட்பட்டோருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உழைப்பு வேண்டுமாதலால், மாலையிற் பிள்ளைகளோடு பந்தாடும் தந்தை இரு கடன்களை ஒருங்கே தீர்க்கின்றார்.

இனி உணவு. வீட்டில் ஒருவருக்கு மாத்திரம் வேறு உலை வைப்பது நெடுநாள் நிலையாது. அச்சுமை சமைப்பவர் தலையிலேயே விழும். எல்லார்க்கும் ஒரே சமையல் இருக்கட்டும். தட்டின் அளவு மாறட்டும். பாதித் தட்டில் கீரையும் மரக்கறியும், காற் பங்கிற் சோறோ பிட்டோ, எஞ்சிய காற் பங்கிற் பருப்பு, பயறு, கடலை போன்றவையும் அமைதல் நன்று. குத்தரிசியும் குரக்கனும் எம் முன்னோர் அறிந்த உணவுகளே. தேநீரையும் மறத்தலாகாது. கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனியாக நாளுக்கு நான்கு கோப்பை அருந்துவோர், தேநீரில் மாத்திரம் 32 கிராமுக்குக் குறையாத சீனியை உட்கொள்கின்றனர். சேர்க்கப்படும் சீனி நாளுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்கு உட்படுதல் மிக நன்று என்பர். உப்பு 5 கிராமுக்குக் குறைதல் வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் அக்கணக்கினுள் அடங்கும்.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்லுதல் வேண்டும். வைகறையில் முதலில் எழுந்து, இரவில் மிஞ்சியதை உண்டு, இறுதியாக உறங்கும் இல்லத்தரசியின் உடல்நலம் இத்திட்டத்துள் அடங்காவிடின் அது குடும்பத் திட்டமாகாது. தேங்காய் துருவுதல், பாத்திரங் கழுவுதல் முதலியவற்றை மற்றையோர் பங்கிட்டுக் கொண்டாலன்றி அவருக்கு நடக்க நேரம் பிறவாது. கணவன் மாத்திரம் நடந்து பெறும் நலம் பாதி நலமே.

நீரிழிவுக்கு மருந்து உண்போரும் இருதய நோயுடையோரும் வைத்தியரைக் கலந்தே தொடங்குக. ஏனையோர் நல்ல நாள் பார்த்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலையே தொடங்கலாம். பிள்ளைகள் எமது உபதேசத்தைக் காட்டிலும் எமது நடையையே பின்பற்றுவர். அடுத்த விழாவுக்கு நாம் அனைவரும் நடந்தே வந்து சேர்வோமாக.