கெர்பரோஸ்: பாஸ்வேர்ட் வெளியே போகாத லாகின்

திருச்சியில இருந்து இன்னொரு எபிசோட். இன்னைக்கு ஜாவா செக்யூரிட்டி லைப்ரரியில் இருக்கும் கெர்பரோஸ். 1980களில் எம்.ஐ.டி.யின் அதீனா புராஜெக்டில் பிறந்தது, ஜே.ஜி.எஸ்.எஸ். வழியா 2002-ல் ஜாவா 1.4-க்குள்ள வந்தது. பழசுதான். ஆனா ஆபீசில் விண்டோஸ் டொமைன்ல லாகின் பண்றவங்க பெரும்பாலும் தினமும் இதைத்தான் பயன்படுத்துறாங்க, தெரியாமலே.

ஸ்ரீரங்கம் கோயிலை நினைச்சுக்கோங்க. கவுண்டர்ல காசு கட்டி சிறப்பு தரிசனச் சீட்டு வாங்குறோம். உள்ளே நிக்கிறவர் நம்ம பர்ஸைக் கேட்கிறதில்லை, சீட்டு போதும். இங்கே அந்தக் கவுண்டர் பேரு கே.டி.சி. காலையில் ஒரு தடவை நிரூபிச்சா டி.ஜி.டி.னு ஒரு தாய்ச் சீட்டு. அதைக் காட்டி ஃபைல் சர்வருக்கு ஒண்ணு, டேட்டாபேஸுக்கு ஒண்ணுன்னு தனித்தனிச் சீட்டு. பாஸ்வேர்ட் நெட்வொர்க்கில் போகவே போகாது. அதிலிருந்து உருவாகும் சாவியால் அப்போதைய நேரத்தைப் பூட்டி அனுப்புறோம், அவ்வளவுதான்.

கோயில் உவமை இதுக்கு மேல ஓடாது. நான் சீட்டைத் தவறவிட்டா, எடுத்தவர் போய் ரங்கநாதரைச் சேவிச்சுட்டு வந்துடலாம். கெர்பரோஸ் சீட்டை வழியில் திருடினவனால அது முடியாது. சீட்டு, சர்வரின் சாவியால் பூட்டினது. உள்ளே ஒரு செஷன் கீ. அதே கீயின் இன்னொரு பிரதி நமக்கு மட்டும் தனியா வரும். சீட்டைக் காட்டும்போதே, அந்தக் கீயால் இப்போதைய நேரத்தைப் பூட்டிக் காட்டணும். (லேப்டாப்பின் டிக்கெட் கேஷையே அள்ளிட்டுப் போனா கீயும் சேர்ந்தே போயிடும். அதான் சீட்டுக்கு ஆயுள். விண்டோஸில் வழக்கமா 10 மணி நேரம்.)

ஜாவாவில் தாய்ச் சீட்டை வாங்குறது கே.ஆர்.பி.5 லாகின் மாட்யூல். அது சப்ஜெக்ட்ல உட்காரும். சர்வீஸ் சீட்டை ஜி.எஸ்.எஸ். கான்டெக்ஸ்ட் பார்த்துக்கும். பழைய டுடோரியல்ல 'டூ ஆஸ்'னு இருந்தா விட்டுடுங்க, ஜாவா 18-ல இருந்து 'கால் ஆஸ்'தான்.

இப்ப நிறைய பேர் ராத்தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம். எல்லாமே நேரத்தை நம்பி நடக்குது இல்லையா? ரெண்டு மெஷின் கடிகாரத்துக்கும் 5 நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் வந்தா, பாஸ்வேர்ட் சரியா இருந்தும் உள்ளே விடாது. எரர் நம்பர் 37. உடனே கைபதறி புது கீடேப் எடுக்கிறவங்கதான் அதிகம். அது இன்னும் மோசம்: புதுசு எடுக்கும்போது சாவியே மாறலாம், பழைய கீடேப் வச்சிருந்த மத்த சர்வர்களும் சேர்ந்து படுத்துடும். 37 பார்த்தா கீடேப் பக்கமே போகாதீங்க. முதல்ல ரெண்டு மெஷின்லயும் மணி என்னன்னு பாருங்க, அப்புறம் என்.டி.பி. ஓடுதான்னு பாருங்க.