குறை கோச்சிடமா, காலிடமா?

கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணி தோற்ற மறுநாள் ஏலப்பாறைக் கடைத்தெருவில் இரண்டு கட்சிகள் இருக்கும். "கோச்சுக்கு அட்டாக்கே தெரியலை, எப்பப் பாரு ஓரத்துல கொண்டுபோய் கிராஸ் போடுறாங்க" என்பது ஒரு கட்சி. "கோச்சு என்னண்ணே பண்ணுவாரு, போஸ்டுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு வெளிய அடிச்சா?" என்பது எதிர்க்கட்சி. பீருமேடு தாலுகாவின் இந்தத் தேயிலை ஊரில் ஒரே வாக்கியத்தில் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும். தோட்ட லயத்தில் பிறந்த பிள்ளைகள் பிளாஸ்டர்ஸின் மஞ்சள் ஜெர்சியும் போடுவார்கள், சென்னையின் எஃப்சி ஜெயித்தாலும் கை தட்டுவார்கள். தர்க்கம் மட்டும் எந்த மொழியிலும் முடிந்ததில்லை.

முடியாததற்குக் காரணம் உண்டு. இரண்டு கட்சிக்காரர்களும் கையில் வைத்திருப்பது ஒரே எண், கடைசி ஸ்கோர். திட்டம், கால், அதிர்ஷ்டம் மூன்றும் அதற்குள் கலந்து கிடக்கின்றன. இவற்றைக் கொஞ்சமாவது பிரித்துப் பார்க்க உருவான அளவுகோல்தான் எக்ஸ்பெக்டட் கோல்ஸ். டிவியில் எக்ஸ்ஜி என்று சுருக்கமாகப் போடுவார்கள்.

கணக்கு எளிமையானது. பழைய ஆட்டங்களில் அடிக்கப்பட்ட லட்சக்கணக்கான ஷாட்களைக் கணினிக்குக் கொடுக்கிறார்கள். எங்கிருந்து அடித்தார், காலாலா தலையாலா, முன்னால் வந்த பந்து கிராஸா தரையோடு வந்த பாஸா, எதிரில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். புதிதாக ஒரு ஷாட் வரும்போது, அதைப் போன்ற பழைய ஷாட்களில் நூற்றுக்கு எத்தனை கோலாயின என்று பார்த்து, 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு போடுகிறார்கள். பெனால்டிக்கு ஏறத்தாழ 0.76. ஆட்டத்தில் அடிக்கப்படும் எல்லா ஷாட்களுக்கும் சராசரி எடுத்தால் 0.1 பக்கம் வரும். பத்துக்கு ஒன்றுதான் உள்ளே போகிறது.

இடம் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்குப் பள்ளிக்கூட வடிவியல் போதும். கோல் கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர். 11 மீட்டர் தள்ளி, பெனால்டி புள்ளியில் நிற்பவருக்கு அந்த அகலம் 37 டிகிரி கோணமாகத் திறந்திருக்கும். 22 மீட்டருக்குப் பின்வாங்கினால் 19 டிகிரி, 30 மீட்டரில் 14. பக்கவாட்டில் போனால் இன்னும் மோசம். கோல் கோட்டிலிருந்து 5 மீட்டர், நடுவிலிருந்து 15 மீட்டர் என்று ஓரத்தில் நிற்பவருக்குக் கோல் 16 மீட்டர் தூரம்தான். ஆனால் திறப்பு 9 டிகிரிகூட இல்லை. கேலரியிலிருந்து "அடி, அடி" என்று கத்துகிறோமே, அந்தக் கத்தலில் பாதி இந்த 9 டிகிரிக்குள் பந்தை நுழைக்கச் சொல்வது. ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது புரிவது கஷ்டம். அங்கே மைதானமே சின்னது, எங்கிருந்து அடித்தாலும் கோல் கிட்டத்தில்தான் இருக்கும்.

ஆக, "பத்து ஷாட் அடிச்சாங்க, ஒண்ணும் போகலை, ஃபார்வர்டுக்குக் கால் சரியில்லை" என்கிறவருக்கு ஒரு கேள்வி வைக்கலாம். அந்தப் பத்தும் எங்கிருந்து? எல்லாம் 0.05 மதிப்புள்ள தூரத்து ஷாட் என்றால், ஒரு கோலாவது விழும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதுதான். எதிரணி 0.4 மதிப்பில் இரண்டே இரண்டு ஷாட் அடித்திருந்தால் அவர்களுடைய வாய்ப்பு அறுபத்து நான்கு. இந்த இடத்தில் குறை காலில் இல்லை. நல்ல இடத்துக்குப் பந்தைக் கொண்டுபோகத் தெரியாத திட்டத்தில் இருக்கிறது. நேர்மாறாக, மாதக்கணக்கில் நல்ல இடங்களில் பந்து கிடைத்தும் கோல் எண்ணிக்கை எக்ஸ்ஜிக்குக் கீழேயே கிடந்தால், எதிர்க்கட்சி அண்ணன் சொல்வதுதான் சரி.

இந்தத் தர்க்கம் அமெரிக்கக் கால்பந்தில், அதாவது கையால் எறிந்து விளையாடும் அந்த முட்டைப் பந்து ஆட்டத்தில், இன்னும் கூர்மையாக நடக்கும். அங்கே ஒவ்வொரு நகர்வுக்கும் முன் ஆட்டம் நிற்கிறது. கோச் ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்துச் சொல்கிறார். அந்த ஆட்டத்தின் பெரிய லீகான என்எஃப்எல்லில், கோச்சின் குரல் கேட்க 1994 முதல் களத்தில் ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள்ளேயே வானொலி வைத்திருக்கிறார்கள். நகர்வைத் தொடங்க 15 விநாடி இருக்கும்போது அது தானாக அணைந்துவிடும். யார் என்ன சொன்னார், யார் கோட்டைவிட்டார் என்று ஓரளவு துல்லியமாக விரல் நீட்டலாம். நம் கால்பந்தில் கோச் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவது பாதிப் பேருக்குக் காதிலேயே விழாது. அவருடைய திட்டமெல்லாம் வாரம் முழுக்கப் பயிற்சியில் பதிந்த பழக்கமாகத்தான் மைதானத்துக்குள் வருகிறது. திட்டமும் காலும் இங்கே ஒட்டிப் பிறந்தவை.

கால்பந்தைக் கணக்கால் பிரித்துப் பார்க்க ஆரம்பகாலத்திலேயே முயன்றவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் விமானப்படையின் கணக்கு அதிகாரி சார்லஸ் ரீப். 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுன் ஆட்டத்தின் இடைவேளைக்குப் பிறகு நோட்டும் பென்சிலும் எடுத்து, ஒவ்வொரு தாக்குதலையும் குறிக்க ஆரம்பித்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் விடவில்லை. 1968-இல் பெர்னார்ட் பெஞ்சமின் என்பவரோடு சேர்ந்து, திறமையும் தற்செயலும் கால்பந்தில் எப்படிக் கலக்கின்றன என்று ஒரு புள்ளியியல் கட்டுரையும் வெளியிட்டார். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் வருகின்றன, அதனால் பந்தை நீளமாக முன்னே அடியுங்கள் என்பது அவர் வாதம். இதில் ஓட்டை ஒன்று இருந்தது. ஆட்டத்தில் பந்து ஒரு அணியிடம் இருக்கும் வேளைகளில் பெரும்பாலானவையே மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுகின்றன. அப்புறம் கோலும் அங்கேதானே அதிகம் இருக்கும்? விகிதத்தைப் பார்க்காமல் எண்ணிக்கையைப் பார்த்த இந்தக் கணக்கை நம்பி இங்கிலாந்தில் பல அணிகள் வெகுகாலம் பந்தை ஆகாயத்துக்கு அடித்துக்கொண்டிருந்தன.

பிளாஸ்டர்ஸுக்கே வருவோம். இவான் வுகோமனோவிச் கோச்சாகப் பொறுப்பேற்ற 2021-22 இந்தியன் சூப்பர் லீக் பருவத்தில் 4-4-2 அமைப்பு. முன்னே ஆல்வரோ வாஸ்கெஸும் ஜோர்ஜே பெரேரா டியாஸும், ஆளுக்கு 8 கோல். பின்னாலிருந்து அட்ரியன் லூனாவும் சஹல் அப்துல் சமதும் பந்து எடுத்துக் கொடுத்தார்கள். 2022 மார்ச் 20, கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் ஹைதராபாத்துக்கு எதிரான இறுதிப் போட்டியில் காயத்தால் சஹல் இல்லை. 68-ஆவது நிமிடத்தில் ராகுல் கே.பி. கோல் போட்டார். 88-இல் ஹைதராபாத்தின் சாஹில் டவோரா பெனால்டி கட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு வாலி அடித்துச் சமன் செய்தார். அப்படிப்பட்ட ஷாட் எக்ஸ்ஜி கணக்கில் மிகச் சின்ன எண். அதைத் தடுக்காத திட்டத்தைக் குறை சொல்வதைவிட டவோராவின் காலைப் பாராட்டுவதே நியாயம். பிறகு பெனால்டி ஷூட்அவுட். பிளாஸ்டர்ஸ் தரப்பில் நான்கு பேர் அடித்தார்கள், ஒருவர்தான் போட்டார். ஹைதராபாத் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி மூன்றைத் தடுத்துவிட்டார். ஒவ்வொரு அடியும் நான்கில் மூன்று தடவை உள்ளே போகக்கூடியது என்று வைத்தால், நான்கில் ஒன்றோ அதற்கும் கீழோ விழுவது இருபதில் ஒரு தடவை நடக்கும் சங்கதி. அந்த ஒரு தடவை இறுதிப் போட்டியில் வந்தது. கோச்சையும் திட்டத்தையும் கிழித்தெடுத்த ஆத்திரத்தில் பெரும்பகுதி இந்த இருபதில் ஒன்றின் மேல் போயிருக்க வேண்டியது.

அளவுகோலையும் சும்மா விடக்கூடாது. 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம், கூடுதல் நேரத்தின் 96-ஆவது நிமிடம். பிளாஸ்டர்ஸ் சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே பெங்களூரு எஃப்சியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை எடுத்துக் கோலாக்கினார். நடுவர் ஒப்புக்கொண்டார், பிளாஸ்டர்ஸ் களத்தைவிட்டு வெளியேறியது. விளைவு, அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்குப் பத்து ஆட்டத் தடை. தூரமும் கோணமும் மட்டும் தெரிந்த கணக்கு அந்த அடியைச் சாதாரண ஃப்ரீ கிக் என்றே எடுத்துக்கொள்ளும், நூற்றுக்கு ஆறு தேறினால் அதிகம் என்று சொல்லும். கோல்கீப்பரின் இடத்தையும் சேர்த்துப் பார்க்கும் புதிய கணக்குகளில் மதிப்பு எங்கேயோ போய்விடும். சேத்ரி செய்தது எதிரணி தயாராகும் முன் முடிவெடுத்தது. அதைத் திட்டம் என்பதா, கால் என்பதா? இரண்டு கட்சிக்கும் அதில் பங்கு கொடுக்கலாம் என்றே எனக்குப் படுகிறது.

இன்னொரு குறை பெரியது. ஷாட் அடித்தால்தான் எக்ஸ்ஜிக்கு வேலை. கோலுக்கு முன்னால் குறுக்கே வந்த பந்து ஃபார்வர்டின் காலுக்கு அரை அடி தள்ளிப் போனால் அதன் கணக்கில் பூஜ்யம். அந்தக் கிராஸை உருவாக்கிய பத்துப் பாஸும் பூஜ்யம். இதற்கு மாற்றாக 2019 வாக்கில் கருண் சிங் என்பவர் பிரபலப்படுத்தியதுதான் எக்ஸ்பெக்டட் த்ரெட். மைதானத்தை 16-க்கு 12 என்று 192 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பந்து இருந்தால் கோல் வர எவ்வளவு சாத்தியம் என்று மதிப்புப் போட்டார். மதிப்புக் குறைந்த கட்டத்திலிருந்து கூடிய கட்டத்துக்குப் பந்தை நகர்த்தியவருக்கு அந்த வித்தியாசம் வரவாகும். கோல் பட்டியலில் பெயரே வராத நடுக்கள ஆட்டக்காரர்களுக்கு இதனால் கொஞ்சம் நியாயம் கிடைத்தது.

அதிலும் பந்தைத் தொடாதவர் கணக்கில் வரமாட்டார். பந்தில்லாமல் குறுக்கே ஓடி, இரண்டு டிஃபெண்டர்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போய், நடுவில் இடம் திறந்துவிட்டவரின் வேலையை அளக்க 22 பேரின் இருப்பிடத்தையும் விநாடிக்கு 25 தடவை பதியும் கேமராக்கள் வேண்டும். கோச் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதில் இந்த ஓட்டங்களும் உண்டு. டிவி கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் ஏலப்பாறையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அவை திரைக்கு வெளியே நடந்துவிடுகின்றன. ஒரே ஒரு தடவையாவது கொச்சி கலூர் மைதானத்தின் மேல்தட்டில் உட்கார்ந்து, பந்தை விட்டுவிட்டு ஒரு ஃபார்வர்டை மட்டும் பத்து நிமிடம் பார்த்தவர் மறுநாள் கடைத்தெருவில் எந்தக் கட்சியில் சேருவார் என்று சொல்வது கஷ்டம்.