நோயுறாத எலியும் நோயுறும் மனிதனும்

சென்ற மாரி காலத்தில், வயலில் இறங்கி வேலை செய்வோரை வாட்டும் எலிக்காய்ச்சலைப் பற்றி வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நோயைச் சுமந்து திரியும் எலி ஏன் அந்நோயால் இறப்பதில்லை?" என்று வினவினான். எலிக்காய்ச்சலை உண்டாக்குவது பற்றீரியா இனத்தைச் சேர்ந்த கிருமியாகும், வைரசு அன்று. ஆயினும், அவன் கேட்ட வினாவுக்கு விடை காண விழைவோர், காட்டெலிகளின் உடலிற் குடியிருக்கும் வைரசுகளின் வரலாற்றைப் பயில்வாராயின் பெரிதும் தெளிவு பெறுவர்.

1950 இல் மூண்ட கொரிய யுத்தத்தின்போது, ஐக்கிய நாடுகள் படையைச் சேர்ந்த 3,000 இற்கும் மேற்பட்ட வீரர் இனந்தெரியாத ஒரு காய்ச்சலுக்கு ஆளாயினர். கடுஞ்சுரமும் இரத்தக் கசிவும் தோன்றிச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. குண்டுக்குத் தப்பியோர் பலர் இக்காய்ச்சலுக்குத் தப்பினாரல்லர். யுத்தம் ஓய்ந்து இருபதாண்டுகளுக்கு மேலாகியும் காரணம் புலப்படவில்லை. 1976 இல் கொரிய அறிஞர் லீ ஹோ வாங் என்பார், முதுகிற் கருங்கோடு கொண்ட வயலெலியின் சுவாசப்பையை மெல்லிய துண்டுகளாக அரிந்து, அந்நோயினின்று மீண்டவரின் குருதிநீரை அவற்றின்மீது இட்டு, ஒளிரும் சாயத்தின் துணையுடன் நுணுக்குக்காட்டியில் நோக்கினார். துண்டுகள் ஒளிவிட்டன. மனிதனின் குருதி தன் பகைவனை எலியின் உடலில் அடையாளங் கண்டுகொண்டது! அந்த எலிக்கோ நோயின் சுவடே இல்லை. அப்பகுதியில் ஓடும் ஹன்டான் ஆற்றின் பெயரையே வைரசுக்கும் சூட்டினர்.

இவ்வினத்து வைரசுகளால் மனிதருக்கு விளைவது சிறுநீரக நோயே என்றும், அது ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் உரியது என்றும் வைத்தியர்கள் கருதியிருந்த நிலையை 1993 ஆம் ஆண்டு மாற்றியது.

ஐக்கிய அமெரிக்காவில் அரிசோனா, நியூ மெக்சிக்கோ, கொலறாடோ, யூற்றா ஆகிய நான்கு மாநிலங்களும் கூடும் வறண்ட மேட்டுநிலம் நவஹோ என்னும் ஆதிக்குடிகளின் தாயகமாகும். அவ்வாண்டு மே மாதத்தில், ஓட்டத்தில் வல்லவனான ஒரு நவஹோ இளைஞன் மூச்சுத் திணறி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டு, விரைவில் உயிர் நீத்தான். அவன் மணம் முடிக்கவிருந்த பெண் சில நாள்களுக்கு முன்னரே இறந்திருந்தாள். அவளது இறுதிச் சடங்குக்குச் செல்லும் வழியிலேதான் அவன் மயங்கி வீழ்ந்தான். உடற்கட்டு வாய்ந்த இளையோர் வேறு சிலரும் அவ்வாறே மாண்டமை தெரியவந்தது. அவர்களின் சுவாசப்பைகளில் நீர் நிறைந்திருந்தது.

ஆய்வுகூடத்தார் சில வாரங்களுள் விடை கண்டனர். கொரியாவில் அறியப்பட்ட வைரசின் உறவு வைரசு ஒன்று, மானின் நிறமும் வெண்ணிற வயிறும் அகன்ற கண்களும் கொண்ட ஒரு சிற்றெலியின் உடலில் இருந்தது. பிடித்துச் சோதித்த அவ்வின எலிகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதில் தொற்றின் அடையாளம் காணப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நீடித்த வறட்சிக்குப் பின் பனியும் மழையும் மிகுதியாகப் பெய்து, பைன் மரக் கொட்டைகள் நிறைய விளைந்தன. உண்டு பெருகிய எலிகள் முந்திய ஆண்டினும் பத்து மடங்காயின. பெருகிய எலி வீட்டினுள் நுழையாது வேறென்ன செய்யும்?

நோய் புதியதென எண்ணியதும் பிழையாயிற்று. நூதனசாலையிற் பேணப்பட்டிருந்த பழைய எலிகளின் உடற்கூறுகளிலும் அவ்வைரசின் தடம் இருந்தது. 1959 இல் யூற்றாவில் ஒருவர் இந்நோய்க்கு ஆளானமையும் பின்னர் உறுதியாயிற்று.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். இவ்வைரசுகள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு குறித்த எலியினத்தையே தன் இருப்பிடமாகக் கொண்டது. நீண்ட காலம் ஒருங்கு வாழ்ந்த பழக்கத்தால், எலியின் உடல் அதனை முற்றாக ஒழிப்பதுமில்லை. அதனை எதிர்த்துத் தன்னையே அழித்துக்கொள்வதுமில்லை. எலி ஆயுள் முழுவதும் தன் எச்சிலிலும் சிறுநீரிலும் புழுக்கையிலும் வைரசை வெளியேற்றியவாறே ஓடியாடித் திரிகின்றது. ஒன்றையொன்று கடித்துப் போரிடும்போது தொற்று பரவுகின்றது. ஆதலால் உடலிற் காயத் தழும்பு மிகுந்த ஆண் எலிகளிலேயே அது கூடுதலாகக் காணப்படும். மனித உடலுக்கோ இவ்விருந்தாளி முற்றிலும் அந்நியன். பகைவனை எதிர்க்க எழும் நம் உடலின் காப்புப் படையே நுண்ணிய குருதிக் குழாய்களைக் கசியச் செய்து சுவாசப்பையை நீரால் நிரப்புகின்றது. இவ்வமெரிக்க நோயில் மூச்சுத் திணறல் கண்டோருள் பத்துக்கு ஏறத்தாழ நால்வர் இறக்கின்றனர்.

மனிதரை அது பெரும்பாலும் அடைவது, எலிப் புழுக்கையும் சிறுநீரும் உலர்ந்து தூசியுடன் கலந்து மூச்சிற் புகும்போதாகும். ஆதலின், நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தவுடன் விளக்குமாற்றை எடுத்தல் ஆகாது. கதவு சன்னல்களைத் திறந்து காற்றோட விட்டு, கிருமிநாசினி நீரால் எச்சங்களை நன்கு நனைத்தபின் துடைத்தெடுத்தல் வேண்டும். நம் வீட்டுக் களஞ்சிய அறைக்கும் இம்முறை உகந்ததே.

நவஹோ முதியோர்க்கு இது புதுமையன்று. எலி வெளியுலகுக்கு உரியது, மனிதனின் உணவையும் உடையையும் அது தீண்டுதல் தகாது, தீண்டின் நோய் வரும் என்பது அவர்களின் வழிவழி வந்த கொள்கை. அத்தகையோரையே அன்று உலகம் அஞ்சி ஒதுக்கியது. செய்தித்தாள்கள் "நவஹோ காய்ச்சல்" என எழுதின. எலி சுமந்த பழி ஒரு குலத்தின்மேல் ஏறியது. ஆராய்ச்சியாளர் வைரசுக்கு அம்மேட்டுநிலத்தின் பெயரைச் சூட்ட முற்பட்டபோது அங்கு வாழ்ந்தோர் மறுத்தனர். இறுதியில் "பெயரற்றது" எனப் பொருள்படும் "சின் நொம்பிரே" என்னும் ஸ்பானியச் சொற்களே அதற்குப் பெயராயின.