கிராம்புத் தைலமும் புண்ணிலுள்ள கிருமியும்



சர்க்கரை வியாதியால் காலில் புண் வந்து வார்டில் படுத்திருப்பவர்களின் உறவினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, இவ்வளவு விலை கொடுத்து ஊசி மருந்து வாங்குகிறோம். கிராம்புத் தைலமும் யூகலிப்டஸ் தைலமும் கிருமியைக் கொல்லும் என்கிறார்களே, அதை ஊற்றினால் போதாதா?" இப்பொழுது இதனுடன் 'நானோ' என்ற வார்த்தையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. கேள்வியைப் பாமரத்தனம் என்று தள்ளிவிட முடியாது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மரித்தார்கள் என்று 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. புதிய ஆயுதம் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதை உற்றுப் பார்க்க வேண்டிய காலம் இது.

முதலாவது, வாசனைத் தைலம் வேறு, நல்லெண்ணெய் வேறு. நல்லெண்ணெய் ஒரு சொட்டு காகிதத்தில் விழுந்தால் கறை அப்படியே நிற்கும். கிராம்புத் தைலம் விழுந்தால் சிறிது நேரத்தில் அதில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். இலையையோ மொட்டையோ விதையையோ நீராவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிரவைத்து இறக்குவதுதான் இந்தத் தைலம். நீலகிரியில் யூகலிப்டஸ் இலையை இப்படித்தான் காய்ச்சுகிறார்கள். பூச்சியிடமிருந்தும் பூஞ்சணத்திடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளச் செடி தனக்கென்று வைத்துக்கொண்ட சரக்கு இது. கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால், யூகலிப்டஸில் சினியோல் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் தலைமையாக நிற்கிறது. பல் டாக்டர் சொத்தைப் பல்லில் தற்காலிகமாக வைக்கும் சிமெண்டில் வருகிற வாசனை யூஜினாலின் வாசனையே.

இவை கிருமியைக் கொல்வது எப்படி? ஒவ்வொரு பாக்டீரியாவையும் சுற்றிக் கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. எண்ணெய்த் தன்மையுள்ள தைமாலும் யூஜினாலும் அந்தக் கொழுப்புக்குள் எளிதாக நுழைந்து அதைத் தளர்த்திவிடுகின்றன. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஒழுகுகிறதுபோல, கிருமிக்குள்ளிருக்கும் பொட்டாசியம் முதலான உப்புகளும் அதன் சக்திக்கு ஆதாரமான பொருளும் வெளியே ஒழுகிவிடுகின்றன. ஆனால் எல்லாக் கிருமிகளும் ஒரே மாதிரியானவை அல்ல. சூடோமோனாஸ் போன்றவற்றுக்கு வெளியே இன்னொரு உறையும் இருப்பதால் தைலம் உள்ளே போவது கடினம். தீக்காயப் புண்ணில் பச்சை நிறச் சீழ் கட்டுகிறதே, அந்தக் கிருமிதான் இது. ஆக, நாம் மிகவும் பயப்படுகிற இடத்திலேயே தைலத்தின் பலம் குறைகிறது.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற குணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் பல மாதம் கிடந்தால் சிக்கு வாடை அடிக்கிறது. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் கொழுப்பின் ஓர் அணுக்கூட்டத்தைக் கெடுக்க, அது அடுத்ததைக் கெடுக்க, சங்கிலிபோல அந்தக் கேடு பரவுகிறது. யூஜினாலும் தைமாலும் தங்களிடமுள்ள ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் ஊதா நிறக் கரைசல் ஒன்றில் இதைச் சேர்த்தால் நிறம் மங்கி மஞ்சளாகும். உணவு கெடாமல் காக்க இது உதவும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கண்ணாடிக் குழாயில் நிறம் மாறியதை வைத்துக்கொண்டு, இதைக் குடித்தால் இளமை திரும்பும், புற்றுநோய் ஓடிப்போகும் என்று விளம்பரம் செய்கிறவர்களை நான் நம்புகிறதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.

பெரிய தடை தண்ணீர்தான். மோசேயின் காலத்தில் அபிஷேக தைலத்துக்கு வெள்ளைப்போளத்தையும் கருவாப்பட்டையையும் ஒலிவ எண்ணெயில் சேர்த்தார்கள். எண்ணெயோடு எண்ணெய் சேரும், தண்ணீரோடு சேராது. புண்ணோ, வாயோ, குடலோ, எல்லாம் ஈரமான இடங்கள். தைலம் அங்கே மேலே மிதந்து ஒரே இடத்தில் திரண்டு, பட்ட இடத்தை எரிக்கும். மற்ற இடத்துக் கிருமி பிழைத்துக்கொள்ளும். 1879இல் லிஸ்டரின் என்னும் வாய் கொப்பளிக்கும் மருந்தைச் செய்தவர்கள் தைமாலையும் மென்தாலையும் கரைக்கச் சாராயத்தைச் சேர்த்தார்கள். திறந்த புண்ணில் சாராயத்தை ஊற்ற முடியுமா?

இன்னொரு வழியை நம் ஆஸ்பத்திரிகளில் தரை துடைக்கிற அம்மாமார் தினமும் காலையில் செய்கிறார்கள். வெள்ளை ஃபினைலை வாளித் தண்ணீரில் ஊற்றியதும் அது பாலாக மாறுகிறதல்லவா? அதில் இருப்பது பைன் மரத் தைலம். அதனுடன் சோப்பு போன்ற ஒரு பொருளைச் சேர்த்திருப்பதால், தைலம் லட்சக்கணக்கான துளிகளாகப் பிரிந்து தண்ணீரில் பரவுகிறது. அந்தத் துளிகளை இன்னும் நொறுக்கினால் கிடைப்பதே நானோ எமல்ஷன். ஒரு தலைமயிரின் பருமன் சுமார் 80,000 நானோமீட்டர், சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமி ஒன்றின் குறுக்களவு சுமார் 1,000. இந்தத் துளிகளோ 20 முதல் 200 வரைதான். மிகவும் சிறியதாகிவிட்டால் ஒளியைச் சிதறவைக்கும் அளவுகூட இராது, ஆகவே பால்நிறம் போய்த் திரவம் தெளிந்துவிடும்.

வேலூரிலுள்ள வி.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் இதைச் செய்து காட்டினார்கள். திருநீற்றுப் பச்சிலைத் தைலத்தையும், ட்வீன் 80 என்ற, உணவிலும் சேர்க்கப்படும் பொருளையும் தண்ணீரில் கலந்து, காதுக்கு எட்டாத ஒலியால் 15 நிமிடம் அதிரவைத்தபோது, துளிகள் சுமார் 29 நானோமீட்டருக்குக் குறைந்தன. அந்தக் கரைசல் ஈ.கோலை கிருமியின் சவ்வைச் சிதைத்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள். எண்ணெயை இப்படித் துளியாக்கிச் சரீரத்துக்குள் செலுத்துவது மருத்துவத்துக்குப் புதிதல்ல. ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்துக்குக் கொடுக்கும் புரோப்போஃபால் ஊசி பால்போல் வெண்மையாக இருப்பது அதனால்தான்.

அப்படியானால் ஏன் இதை வார்டுக்குக் கொண்டுவரவில்லை? கண்ணாடித் தட்டில் வளர்க்கும் கிருமிக்கும் மனிதனுடைய புண்ணிலிருக்கும் கிருமிக்கும் நடுவே இரத்தமும் சீழும் இருக்கின்றன. அவற்றிலுள்ள புரதமும் கொழுப்பும் தைலத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் வேலை குறைகிறது. வைத்திருக்கும்போதே சிறு துளிகள் கரைந்து பெரிய துளிகளோடு சேர்ந்துவிடுவது இன்னொரு தொல்லை. இதைத் தடுக்கச் சிறிது சமையல் எண்ணெயைக் கலந்து பார்க்கிறார்கள். சேர்க்கும் சோப்புப் பொருளே தோலையும் புதிதாக வளரும் சதையையும் எரிச்சலூட்டக்கூடும்.

நோயாளிகளிடமே சோதித்த ஒரு விவரமும் உண்டு. நானோவாக அல்ல, சாதாரணக் களிம்பாக. ஆஸ்திரேலியாவின் டீ ட்ரீ தைலத்தை 2004இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், மருந்துக்கு அடங்காத ஸ்டெபிலோகாக்கஸ் கிருமியைச் சுமந்திருந்த 224 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தைலம் பூசியவர்களில் 41 சதவீதம் பேரும், வழக்கமான மருந்து பெற்றவர்களில் 49 சதவீதம் பேரும் கிருமி நீங்கினார்கள். மொத்தத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் மூக்கிலிருந்த கிருமியைப் போக்குவதில் வழக்கமான களிம்பே தெளிவாக முந்தியது. 78க்கு 47 சதவீதம். என் மனதுக்கு இது நம்பிக்கையூட்டும் செய்திதான். ஆனாலும் இவர்கள் கிருமியைத் தோலிலும் மூக்கிலும் சுமந்தவர்கள். எலும்புவரை புண் இறங்கியவருக்கு இதைச் சான்றாகக் காட்ட முடியாது. அவருக்கு ஊசி மருந்தை நிறுத்திவிட்டுத் தைலத்தை ஊற்றினால் காலே போய்விடும்.

வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பல்வலிக்குப் பஞ்சில் ஒரு சொட்டு கிராம்புத் தைலம் ஓர் இரவைக் கடத்த உதவும். காலையில் பல் டாக்டரிடம் போய்விடுங்கள். ஈறில் நேரடியாக ஊற்றினால் புண்ணாகும். திறந்த புண்ணில் எந்த வாசனைத் தைலமும் வேண்டாம். நாள்பட்டுக் காற்றுப்பட்ட தைலம் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், பழைய பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் தைலத்தையும் கற்பூரத்தையும் பூட்டி வையுங்கள். ஒரு டீஸ்பூன் யூகலிப்டஸ் தைலமே சிறு குழந்தைக்கு மயக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரக்கூடும். கிராம்புத் தைலம் குடித்த குழந்தைகளுக்குக் கல்லீரல் கெட்டதும் உண்டு. தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், தைலம் நுரையீரலுக்குள் போய்விடும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எது, எவ்வளவு என்று டாக்டர் முதலில் கேட்பார்.