இட்லி மாவும் காட்டு மண்ணும்



மார்கழியில் நம்ம அஞ்செட்டியில் இட்லி மாவு லேசில் புளிக்காது. "குளிருக்கு மாவு பொங்கவே இல்லடி" என்பார் அம்மா. அதே மாவு சித்திரையில் பொங்கி வழியும்! காரணம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள். குளிரில் அவை சோம்பேறி, சூட்டில் சுறுசுறுப்பு. காட்டு மண்ணிலும் இதே கதைதான்.

மரத்திலிருந்து விழும் இலை, சுள்ளிகளில் கார்பன் இருக்கிறது. நுண்ணுயிரிகள் அவற்றைத் தின்று மட்கச் செய்யும்போது கார்பன்-டை-ஆக்சைடு வெளியேறும். குளிர்க் காடுகளில் இந்த வேலை மெதுவாக நடப்பதால், மட்கு சேர்ந்துகொண்டே போகும்.

இதற்கு உதாரணம் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. நீலகிரி உச்சியில் உள்ள சோலைக்காடுகள் மித வெப்பக் காட்டு வகையைச் சேர்ந்தவை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும். சோலை மண் கன்னங்கரேல் என்று இருக்கும். மட்கு தந்த நிறம் அது! அங்குள்ள சதுப்புப் பள்ளங்களில் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய மட்கும் கிடைத்திருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் குழுவினரும் அதை ஆராய்ந்து, பழங்காலத் தட்பவெப்பம் எப்படி மாறியது என்று 1993-ல் எழுதினார்கள்.

சரி, மண் சூடானால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1991-ல் மண்ணுக்குள் மின்கம்பிகளைப் புதைத்து, 5 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினார்கள். 26 ஆண்டுகளில், 60 செ.மீ. ஆழம் வரை இருந்த கார்பனில் 17 சதவீதம் போயே போச்சு! உலகத்து மண்ணில் உள்ள கார்பன், காற்றிலும் செடிகொடிகளிலும் சேர்த்து உள்ளதைவிட அதிகம். அது வெளியேறினால் பூமி இன்னும் சூடாகும். மண் இன்னும் கார்பனை விடும். வட்டிக்கு வட்டி மாதிரி!

நம்ம ஊர்க் காடு இலையுதிர்க் காடு. சூடு அதிகம் என்பதால் மட்கு மெல்லிய ஏடுதான். "தீ வச்சா புல்லு நல்லா வரும்" என்று சிலர் சொல்வார்கள். ஒரு மழைக்கு வரும்தான். ஆனால் எரிந்த மட்கு திரும்பச் சேரப் பல வருஷம் ஆகும். அதுவரை மழைநீர் மண்ணில் ஊறாமல், மண்ணையும் அரித்துக்கொண்டு தொட்டல்லா ஆற்றில் ஓடிவிடும்.

நாம் செய்யக்கூடியவை:

1. ஆடு மாடு மேய்க்கப் போகும்போது காட்டில் தீ மூட்டாதீங்க.
2. பள்ளியில் கூட்டும் சருகைக் கொளுத்தாமல் குழியில் போட்டு மூடுவோம். அடுத்த வருஷம் நம் செடிகளுக்கு அதுதான் எரு!

மண்ணைக் காப்போம்! மழையைப் பிடிப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி